பெயர் கட்டாயம்

டாலிவர் கவுண்டி நீதிமன்றத்தின் நிலவறையில்
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க முனகுகிறது.
பழைய ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது
என் வேலை. மணிக்குப் பதினேழு டாலர்.
கையுறை போடாமல் தொடக் கூடாது,
விரல் பட்டால் காகிதம் கெட்டுவிடும் என்கிறார் ராண்டல்.
எங்கள் விரல் பட்டுத்தான்
அந்தப் பருத்தி காகிதமே ஆனது.
அதை அவரிடம் சொல்லவில்லை.
சம்பள நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று. எட்டாவது ஏடு.
இறந்துபோன ஒருவருடைய சொத்துப் பட்டியல்:

கோவேறு கழுதை, கிழடு, ஒரு கண் குருடு, நாற்பது டாலர்.
செம்பு அண்டா, ஓட்டை அடைத்தது, மூன்று.
ஸில்லா, வயது பத்தொன்பது, கைக்குழந்தையோடு, எண்ணூற்றைம்பது.
இறகு மெத்தை ஒன்று.

காற்புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு.
எழுதியவனுக்கு நல்ல கையெழுத்து.
அவள் பெயரின் முதலெழுத்துக்கு
ஒரு சுழி கூடுதலாகவே போட்டிருக்கிறான்.
குழந்தையின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

தலையெழுத்து என்பார்கள்.
தலையில் எவரும் எதுவும் எழுதவில்லை.
இந்தப் பக்கத்தில், இரும்பு மையில் எழுதினார்கள்.
அந்த மை இன்னும் காகிதத்தை
அரித்துக்கொண்டே இருக்கிறது:
ஸில்லாவின் நடுவில் ஊசி நுழையுமளவு துளை.

பிறகு போர். பிறகு விடுதலை.
விடுதலைக்கு இந்த அலமாரியில் தனி ஏடு கிடையாது.
இரண்டு தட்டுகளுக்கு நடுவே
நாலு விரற்கடை இடைவெளி, அவ்வளவுதான்.

அறுபத்தாறில் மிங்கோ என்ற ஒருவன் கைநாட்டு,
குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு.
விளைச்சலில் பாதி அவனுக்கு.
விதை, கலப்பை, உப்புக்கண்டம், எல்லாம் கடன்.
டிசம்பரில் கணக்குப் பார்த்தார்கள்.
பறித்தது பதினோரு பொதி,
மிஞ்சியது பதினோரு டாலர் பாக்கி.
அவன் போட்டது பெருக்கல் குறி.
அவர்கள் படித்தது கழித்தல்.

வாக்குரிமை வந்தது, போனது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரி,
இங்கே கொடியே படர்ந்து கிடக்கிறது,
அறுத்தவனின் பெயர்தான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜூவல் திக்பென், மருத்துவச்சி.
அறுபத்திரண்டில் வாக்காளர் பட்டியலில் சேர மனுக் கொடுத்தாள்.
நிராகரிப்பு. காரணம்: எழுதத் தெரியவில்லை.
மறுபடியும் கொடுத்தாள். எழுதத் தெரியவில்லை.
ஐந்தாவது மனுவில்
பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

மதிய உணவை விட்டுவிட்டு
பிறப்புப் பதிவேடுகள் இருக்கும் அறைக்குப் போனேன்.
அந்தப் பதிவாளர் பிறந்தது இருபத்திரண்டில், மார்ச் மாதம்,
ஏழு பவுண்டு, ஆண், வெள்ளை.
அவர் பெயரை முதன்முதலாகத் தாளில் எழுதியவள்
ஜூவல் திக்பென்.
சாய்ந்த, தெளிந்த எழுத்து.
நான் வாய்விட்டுச் சிரித்தேன்.
பிறகு வெகுநேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அறுபத்தைந்து ஆகஸ்டில் அவள் பெயர் ஏறிவிட்டது.
வரிசை எண் இருநூற்றுப் பதினான்கு.
கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
போன தேர்தலில் என் அண்ணன் கார்னெல்
மூன்று மணி நேரம் வரிசையில் நின்று
தன் பெயர் நீக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டான்.
செயலற்றவர் என்று போட்டிருந்ததாம்.
இரண்டு வேலைக்குப் போகிறவன் அவன்.

மாலை நாலரை. எட்டாவது ஏட்டுக்குத் திரும்புகிறேன்.
கணினி வகை கேட்கிறது: நிலம், கால்நடை, தளவாடம், பிற.
மூடிவிட்டு வேறு படிவம் திறக்கிறேன்: நபர்.
ஸில்லா, பத்தொன்பது. ஏற்றுக்கொள்கிறது.
அடுத்த வரி, குழந்தை.
பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு அழுத்துகிறேன்.

சிவப்பில் ஒரு வரி மின்னுகிறது:
பெயர் கட்டாயம்.

இந்தக் கட்டடத்தில்
நூற்றெழுபது சொச்சம் வருடத்தில்
முதல் தடவையாக
ஒன்று கேட்கிறது.
மறுபடி அழுத்துகிறேன்.
மறுபடியும் கேட்கிறது.